கணக்கர் ஒருவர் சிஸா சான்றிதழ் பெறுவது எப்படி: நெல்லையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பகுதிக்குள் புகுந்தபோது, நாங்கள் கணக்குப் பார்க்கும் மொத்த வியாபாரக் கடை ஒன்றின் கம்ப்யூட்டரும் தண்ணீருக்குள் போயிற்று. வெள்ளம் வடிந்த பிறகு நான் சென்றபோது, பெட்டியைக் கழற்றி வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். மின்விசிறியின் இதழ்களில் வண்டல் அப்பியிருந்தது. “பேக்கப் எங்க அண்ணாச்சி வச்சிருக்கீங்க?” என்று கேட்டேன். “பென் டிரைவ்ல எடுத்து இந்த டிராயர்லதான தம்பி வச்சிருந்தேன்” என்று, ஊறி உப்பிப்போய்ப் பாதிக்கு மேல் வெளியே வர மறுத்த அந்த மேசை டிராயரை இழுத்துக் காட்டினார். மாத முடிவு வேலைக்காக எங்கள் அலுவலகத்துக்கு எடுத்து வந்திருந்த நவம்பர் 30 வரையிலான நகல் மட்டுமே மிஞ்சியது. டிசம்பர் 1 முதல் 16 வரை போட்ட பில்களில் கொள்முதலை, ஜனவரி 14-க்குப் பிறகு வந்த ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலைப் (கடைக்குச் சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை ஜிஎஸ்டி தளம் தொகுத்துத் தருவது) பார்த்து மீட்டோம். விற்பனையை மீட்க, அம்பாசமுத்திரத்திலும் சேரன்மகாதேவியிலும் சரக்கு வாங்கிய கடைக்காரர்களுக்குப் போன் செய்து, அவர்கள் கையிலிருந்த பில்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் நான், கணினி முறைமைகளைத் தணிக்கை செய்வோருக்கான சிஸா (CISA) தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு காலத் தரவை இழக்க ஒரு நிறுவனம் தாங்கும், எவ்வளவு நேரத்துக்குள் அது மீண்டும் இயங்கியாக வேண்டும் என்ற இரு கேள்விகளைப் பாடம் தனித்தனியே வைக்கிறது. முதலாவதை மீட்புப் புள்ளி இலக்கு என்றும் இரண்டாவதை மீட்பு நேர இலக்கு என்றும் சொல்லலாம். தேர்வுக்குப் படிப்பவர்கள் இவ்விரண்டையும் அடிக்கடி மாற்றிக் குழப்பிக்கொள்வார்கள். அந்தக் கடையைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் குழப்பம் வரவேயில்லை: பதினாறு நாள் பில் போனது முதல் கேள்வி, கடை மறுபடி பில் போடத் தொடங்க ஆன நாட்கள் இரண்டாவது கேள்வி.

வணிகவியல் படித்து, ஆடிட்டர் அலுவலகத்திலோ நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலோ வேலை பார்க்கும் ஒருவர், தொழில்நுட்பத் துறையில் மதிப்புள்ள ஒரு சான்றிதழை எப்படிப் பெறுவது என்பதை முதல் நாளிலிருந்து கடைசிப் படிவம் வரை இங்கே எழுதியிருக்கிறேன். என் அனுபவத்தில் இதில் தேர்வு சிறிய பாதி. வேலை அனுபவத்தை ஈட்டுவதும் அதை எழுதி வைப்பதும்தான் பெரிய பாதி. அந்தப் பெரிய பாதியை, தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, உங்கள் மேசையில் இன்று கிடக்கும் கோப்புகளிலிருந்தே தொடங்க முடியும்.

எந்தச் சான்றிதழ், யாருக்கு

முதலில் உங்கள் வேலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். மாதந்தோறும் விற்பனை, நிலுவை, சரக்கிருப்பு அறிக்கைகளைத் தயாரித்து முதலாளியிடம் கொடுப்பதே உங்கள் வேலையின் பெரும்பகுதி என்றால், மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ தரவு ஆய்வாளர் சான்றிதழுக்கான பிஎல்-300 தேர்வு பொருத்தமானது. ஆயிரத்துக்கு 700 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. சான்றிதழ் ஓராண்டு செல்லும். காலாவதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இணையத்திலேயே கட்டணமின்றி ஒரு சிறு மதிப்பீட்டை முடித்துப் புதுப்பித்துக்கொள்ளலாம். எக்செல்லில் பிவட் அட்டவணை வரை கை பழகியவருக்கு இரண்டு மூன்று மாத உழைப்பில் இது எட்டக்கூடியது. அனுபவச் சான்று எதுவும் கேட்கமாட்டார்கள்.

நீங்கள் சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் என்றால், இந்தியப் பட்டயக் கணக்கர் கழகம் தன் உறுப்பினர்களுக்கென்றே நடத்தும் தகவல் முறைமைத் தணிக்கைப் படிப்பும் இருக்கிறது; அதை முடித்தவர்களை டிசா என்று குறிப்பிடுவது வழக்கம். உறுப்பினர் அல்லாதவர்களுக்கு அந்த வாசல் திறக்காது.

பி.காம், எம்.காம், சிஏ இன்டர் வரை படித்துவிட்டுத் தணிக்கை வேலையில் இருப்பவர்களுக்கும், சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுகளுக்கும் பொதுவாகப் பொருந்துவது சிஸா. தகவல் முறைமைத் தணிக்கையாளர் என்பது அதன் பொருள். 1969-இல் அமெரிக்காவில் கணினிக் கணக்குகளைத் தணிக்கை செய்வோர் சங்கமாகத் தொடங்கிய ஐசாக்கா என்ற அமைப்பு, 1978 முதல் இச்சான்றிதழை வழங்கி வருகிறது. கம்ப்யூட்டர் என்ஜினீயர்களுக்கான தேர்வு என்று எண்ணி நம்மவர்கள் பலர் இதன் பக்கமே போவதில்லை. பிறந்த இடத்தைப் பார்த்தாலே தெரியும், இது தணிக்கையாளர்கள் தங்களுக்காக உருவாக்கிக்கொண்ட சான்றிதழ். இனி வருவது முழுக்க இதைப் பற்றியே.

தேர்வின் அமைப்பு

நான்கு மணி நேரம், 150 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிவு கிடையாது. ஆகவே எந்தக் கேள்வியையும் காலியாக விடக் கூடாது. 200 முதல் 800 வரை போகும் அளவுகோலில் 450 எடுத்தால் தேர்ச்சி. இது மாற்றியமைக்கப்பட்ட மதிப்பெண் என்பதால், இதைச் சதவீதமாக்கி “இத்தனை கேள்வி சரியாக இருந்தால் போதும்” என்று கணக்குப் போடுவது வீண் வேலை.

நான் எழுதியதற்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் பாடத்திட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது ஐந்து பகுதிகளின் பங்கு இப்படி இருக்கிறது: தணிக்கை நடைமுறை 18 சதவீதம், தகவல் தொழில்நுட்ப ஆளுகையும் நிர்வாகமும் 18 சதவீதம், முறைமைகளை வாங்குவதும் உருவாக்குவதும் நடைமுறைப்படுத்துவதும் 12 சதவீதம், அன்றாட இயக்கமும் இடர்களைத் தாங்கும் திறனும் 26 சதவீதம், தகவல் சொத்துகளின் பாதுகாப்பு 26 சதவீதம். கடைசி இரண்டும் சேர்ந்து பாதிக்கு மேல் வருகின்றன. கணக்கர்களுக்குப் புதிதாக இருப்பவையும் அவை இரண்டுமே.

கட்டணம் ஐசாக்கா உறுப்பினர்களுக்கு 575 டாலர், மற்றவர்களுக்கு 760 டாலர். தேர்ச்சிக்குப் பிறகு சான்றிதழுக்கு விண்ணப்பிக்க 50 டாலர் தனி. உறுப்பினராகாமல் எழுதினால் இவ்விரண்டுமே எழுபதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். பயிற்சிக் கேள்விகளுக்கும் கையேட்டுக்கும் ஆகும் செலவு அதன் மேல். நம் ஊர்ச் சம்பளத்தில் இது பெரிய தொகை. ஆகவே உறுப்பினர் கட்டணத்தையும் சென்னைக் கிளைக்கான கட்டணத்தையும் கூட்டிப் பார்த்து, தேர்விலும் நூல்களிலும் கிடைக்கும் சலுகையைக் கழித்து, எது லாபம் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அலுவலகத்தில் பாதிச் செலவையாவது ஏற்பார்களா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்கும்போது, நிறுவனத் தணிக்கையில் இப்போது சட்டமே கேட்கும் கணினி சார்ந்த சரிபார்ப்புகளைக் காரணமாகச் சொன்னால் எடுபடும். அவற்றைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்.

அனுபவத்தை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள்

தேர்ச்சி பெற்றால் மட்டும் சிஸா ஆகிவிட முடியாது. தகவல் முறைமைத் தணிக்கை, கட்டுப்பாடு, பாதுகாப்பு ஆகியவற்றில் ஐந்தாண்டு வேலை அனுபவம் வேண்டும். இதில் அதிகபட்சம் மூன்றாண்டு வரை விலக்கு உண்டு: பட்டப்படிப்புக்கு இரண்டாண்டு வரை, கணினி சாராத சாதாரணத் தணிக்கை அனுபவத்துக்கு ஓராண்டு. எல்லா விலக்கும் கிடைத்தாலும், குறைந்தது இரண்டாண்டு நேரடி அனுபவத்தை நீங்கள் காட்டியே தீர வேண்டும். அது விண்ணப்பத் தேதிக்கு முந்தைய பத்தாண்டுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். தேர்ச்சி பெற்ற ஐந்தாண்டுக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். தேர்வை முதலில் எழுதிவிட்டு அனுபவத்தைப் பிறகு நிறைவு செய்வதற்கும் தடையில்லை.

“பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு தகவல் முறைமைத் தணிக்கை அனுபவத்துக்கு எங்கே போவது?” என்று என்னிடம் கேட்காத இளையவர்கள் இல்லை. நிறுவனங்களைத் தணிக்கை செய்யும் அலுவலகம் எதிலும் அந்த வேலை இருக்கிறது. அதற்கு அந்தப் பெயரைச் சூட்டி யாரும் சொல்லாததால் நமக்குத் தெரிவதில்லை. கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு பதிவிலும் நடந்த மாற்றத்தையும் அது நடந்த தேதியையும் அழிக்க முடியாதபடி பதிந்து வைப்பதாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வசதி மென்பொருளில் இருந்ததா, ஆண்டு முழுவதும் எல்லா நடவடிக்கைகளுக்கும் இயங்கியதா, அதில் யாரும் கை வைத்தார்களா, சட்டப்படி பாதுகாக்கப்படுகிறதா என்று தணிக்கையாளர் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். இது தணிக்கை விதி 11-இன் ‘ஜி’ பிரிவு. கம்பெனிகளுக்கு மட்டுமே உரிய கடமை இது; தனிநபர் கடைகளுக்கும் கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் பொருந்தாது.

இந்த வேலையைப் பல அலுவலகங்களில் ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். டாலி கணக்கு மென்பொருளில், திருத்தங்களைப் பதிந்து வைக்கும் எடிட் லாக் அறிக்கையைத் திறந்து, மார்ச் 31 தேதியிட்ட வவுச்சர்களில் ஜூன் மாதத்தில் திருத்தப்பட்டவை எவை என்று தேடுங்கள். நான் பார்த்த ஒரு பதிவில் 48,000 என்று இருந்த செலவு 84,000 ஆகியிருந்தது. எண் இடம் மாறிய பிழையைத் திருத்தியது போலத்தான் தோன்றியது. பில்லை எடுத்துப் பார்த்தபோது 84,000-தான் சரி. ஆனால் திருத்தியவர் பெயர் என்று பார்த்தால் ‘அட்மின்’ என்று இருந்தது. அந்த அலுவலகத்தில் நான்கு பேரும் அதே பெயரில், அதே பாஸ்வேர்டில்தான் உள்ளே நுழைகிறார்கள். தொகை சரியாக இருந்தும், யார் திருத்தினார் என்பதை அந்தப் பதிவால் சொல்ல முடியவில்லை. வெறும் கணக்கர் தொகை சரி என்று டிக் போட்டுவிட்டு அடுத்த வவுச்சருக்குப் போவார். தகவல் முறைமைத் தணிக்கையாளர் அங்கேதான் நின்று எழுதத் தொடங்குவார்.

பயனர் உரிமைகளைச் சரிபார்ப்பது, வேலையை விட்டுப் போனவர்களின் ஐடி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது, வங்கிக் கிளையில் ஆண்டு முடிவுக்குக் காத்திராமல் அவ்வப்போதே நடக்கும் உடனிகழ் தணிக்கையில் ஒரே ஆள் பதிவும் ஒப்புதலும் செய்திருக்கிறாரா என்று தேடுவது, கணக்கேடுகளின் நகல் இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் எடுக்கப்படுகிறதா என்று கம்பெனிகளிடம் கேட்பது, பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறும்போது தொடக்க இருப்புகளை ஒப்பிடுவது ஆகிய அனைத்தும் இந்த அனுபவத்தில் சேரும்.

ஒரு நீள நோட்டை வாங்கி, தேதி, எந்த வகை நிறுவனம், என்ன சரிபார்த்தீர்கள், எத்தனை மணி நேரம், யார் மேற்பார்த்தார் என்று அன்றன்றே எழுதுங்கள். வாடிக்கையாளரின் பெயரையோ தொகைகளையோ அதில் எழுத வேண்டாம். இரகசியம் காப்பது நம் தொழிலின் முதல் கடமை. விண்ணப்பிக்கும்போது உங்கள் மேலதிகாரி இந்த அனுபவத்தை உறுதிப்படுத்த வேண்டும். நான்கு ஆண்டு கழித்துப் போய் நின்றால் அவருக்கும் நினைவிருக்காது, உங்களுக்கும் நினைவிருக்காது. ஆண்டுக்கு ஒருமுறை அந்த நோட்டைக் காட்டி, ஒரு பக்கச் சுருக்கத்தில் கையெழுத்து வாங்கி வையுங்கள். செய்யாத வேலையை ஒரு நாள்கூடச் சேர்த்து எழுத வேண்டாம். பிறருடைய பதிவுகளின் நேர்மையைச் சோதிக்கப் போகிறவர் தன் பதிவிலேயே பொய் எழுதிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

பெயரும் பணமும்

பதிவு செய்யும் முன் ஒரு சிறிய விஷயத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். தமிழர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. ஐசாக்கா கணக்கில் தரும் பெயரும், தேர்வன்று காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கோ பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பதிவு செய்வது நல்லது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற இரு கட்டங்களிலும் பாஸ்போர்ட்டில் எது எங்கே இருக்கிறதோ அதை அங்கேயே இடுங்கள்.

டாலரில் கட்ட வேண்டியிருப்பதால், உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பார்த்து, தேவையான வரம்பை வைத்து, கட்டி முடித்ததும் மீண்டும் மூடிவிடுங்கள். பணம் கட்டும்போது ஐசாக்கா தரும் கெடுவுக்குள் தேர்வை எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் பணம் போனதுதான். ஆர்வத்தில் ஜூன் மாதமே பணத்தைக் கட்டிவிட்டு, அக்டோபர் வரை புத்தகத்தைத் தொட முடியாமல் நான் தவித்தேன். ஐந்து மாதம் படித்து, பயிற்சிக் கேள்விகளில் ஓரளவு நிலைபெற்ற பிறகே பணம் கட்டுங்கள்.

படிப்புக்கான காலம்

நம் வேலையின் ஆண்டுச் சுழற்சியை மதித்துத்தான் திட்டமிட வேண்டும். ஆனித் தேரோட்ட விடுமுறை முடிந்து அலுவலகம் திரும்பினால் ஜூலை 31 வருமான வரிக் கணக்குகள் காத்திருக்கும். அது முடிந்ததும் வரித் தணிக்கை. அதன் பின்னால் கம்பெனிப் படிவங்கள். இந்த மாதங்களில் படிக்கத் திட்டமிடுவது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வதாகும். டிசம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து, ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ தேர்வை வைத்துக்கொள்வது ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஒத்துவரும். மாதத்தில் ஜிஎஸ்டி கெடுவான 11-ஆம் தேதியையும் 20-ஆம் தேதியையும் ஒட்டிய நாட்களை விட்டுவிட்டு, மற்ற நாட்களில் காலை ஐந்து முதல் ஆறரை வரை என்று வைத்தால் வாரத்துக்கு எட்டு மணி நேரம் தேறும். ஞாயிற்றுக்கிழமை காலையைக் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள்.

ஐசாக்கா வெளியிடும் கையேடும், விடை விளக்கங்களோடு கூடிய அதன் கேள்வித் தொகுப்பும் போதும். கையேடு வறண்டது, அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க முயன்று, இரண்டாம் பகுதியிலேயே களைத்து விட்டுவிட்டவர்களை அறிவேன். கேள்விகளை முதலில் போட்டு, தவறியவற்றைக் கையேட்டில் தேடிப் படியுங்கள்.

பகுதிகளைக் கணக்கர் கண்ணால் பார்ப்பது

முதல் பகுதி நமக்குத் தாய்வீடு. மாதிரி எடுத்தல், முக்கியத்துவ அளவு, சான்றின் நம்பகத்தன்மை எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. இரண்டாவதில் பணிப் பிரிவினை வருகிறது. காசோலை எழுதுபவரே வங்கிச் சரிக்கட்டுப் பட்டியலும் போடக் கூடாது என்பதை அறிந்தவருக்கு, நிரல் எழுதுபவரே அதை நடைமுறைக்கு ஏற்றக் கூடாது என்பது உடனே புரிந்துவிடும். மூன்றாவது பகுதியின் பங்கு குறைவு; மென்பொருள் மாற்றத்தை ஒருமுறையாவது கடந்து வந்தவருக்கு எளிது.

நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நேரத்தில் பாதிக்கு மேல் கொடுங்கள். கணினிப் பிணையமும் (நெட்வொர்க்) தரவுத்தளமும், தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கமும் அங்கே வருகின்றன. இவற்றை என்ஜினீயர் அளவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் எதற்காக இருக்கிறது, எங்கே உடையும், உடைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.

மிகவும் அஞ்சப்படுவது பொதுத் திறவுகோல் குறியாக்கம்; உரியவரிடம் மட்டும் இருக்கும் தனித் திறவுகோலும் எல்லோருக்கும் தெரியும் பொதுத் திறவுகோலும் ஜோடியாக இயங்குவது அது. அதைக் கற்க, உங்கள் அலுவலகத்தில் தினமும் கையில் எடுக்கும் டிஎஸ்சி டோக்கனே (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் உள்ள சிறு யுஎஸ்பி கருவி) நல்ல ஆசிரியர். கம்பெனிப் படிவத்தில் கையெழுத்திட அதைச் செருகி, அதன் இரகசிய பின் (PIN) எண்ணை இடும்போது, படிவத்தின் உள்ளடக்கத்திலிருந்து ஹாஷ் எனப்படும் சிறு சுருக்கம் கணக்கிடப்படுகிறது. டோக்கனுக்குள் இருக்கும் தனித் திறவுகோல் அந்தச் சுருக்கத்தின் மேல் கையெழுத்திடுகிறது. அந்தத் திறவுகோல் டோக்கனை விட்டு வெளியே வருவதில்லை. அதனால்தான் டோக்கனையும் பின் எண்ணையும் சேர்த்து அடுத்தவரிடம் கொடுப்பது அவ்வளவு ஆபத்து. பெறுபவர் உங்கள் பொதுத் திறவுகோலைக் கொண்டு சரிபார்க்கிறார். படிவத்தில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் சுருக்கம் ஒத்துப்போகாது. ஆகவே டிஜிட்டல் கையெழுத்து மூன்றை உறுதி செய்கிறது: படிவம் மாறவில்லை, கையெழுத்திட்டது இன்னாருடைய திறவுகோல், பின்னால் அவர் மறுக்க முடியாது. இரகசியத்தை அது உறுதி செய்வதில்லை. படிவத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இரகசியம் வேண்டுமென்றால் பெறுபவரின் பொதுத் திறவுகோலால் பூட்டி அனுப்ப வேண்டும். எந்தத் திறவுகோல் எதற்கு என்று கேட்கும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு பத்தியில் விடை இருக்கிறது.

கேள்விகள் நம்மை எங்கே வீழ்த்துகின்றன

தேர்வு ஆங்கிலத்தில் நடக்கும். தமிழில் எழுதும் வாய்ப்பில்லை. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் பழக வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் படித்ததும், அது என்ன கேட்கிறது என்று தமிழில் ஒரு வரி மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். பல கேள்விகளில் நான்கு விடைகளுமே சரியாக இருக்கும். முதலில் செய்ய வேண்டியது எது, மிக முக்கியமானது எது, சிறந்தது எது, மிகப் பெரிய கவலை எது என்ற ஒரு சொல்தான் விடையைத் தீர்மானிக்கும்.

நானே அமைத்த ஓர் எடுத்துக்காட்டு: வேலையை விட்டுப் போய் மூன்று மாதமான ஊழியரின் ஐடி இன்னும் செயல்படுவதைத் தணிக்கையாளர் காண்கிறார். அவர் முதலில் என்ன செய்ய வேண்டும்? ஐடியை உடனே முடக்குவது, மேலாண்மைக்கு அறிக்கை எழுதுவது, அந்த ஐடி மூன்று மாதத்தில் பயன்படுத்தப்பட்டதா என்று பதிவேட்டைப் பார்ப்பது, புதிய கொள்கை ஒன்றை வரைவது என்று நான்கு விடைகள். கணக்கர் கை முதல் விடைக்கே போகும். தவறைக் கண்டால் உடனே திருத்தப் பதிவு போட்டே பழகியவர்கள் நாம். தணிக்கையாளருக்கோ முறைமைக்குள் கை வைக்கும் உரிமை இல்லை; அப்படி வைத்தால் தான் செய்ததையே தான் தணிக்கை செய்யும் நிலை வந்துவிடும். கொள்கை வரைவது மேலாண்மையின் வேலை. அறிக்கை எழுதத்தான் வேண்டும், ஆனால் பாதிப்பு எவ்வளவு என்று தெரியாமல் எழுதும் அறிக்கை அரைகுறை. ஆகவே முதலில் பதிவேட்டைப் பார்ப்பதுதான் விடை. இந்த மனப்பழக்கம் வர எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. வந்த பிறகு மதிப்பெண் தானாகவே ஏறியது.

ஒரு கேள்விக்குச் சராசரியாக 96 விநாடி கிடைக்கும். கடைசி மாதத்தில், இரண்டு மணி நேரத்தில் 75 கேள்வி என்று ஒரே இருப்பில் போட்டுப் பழகுங்கள். முழு நீள மாதிரித் தேர்வைக் குறைந்தது இரண்டு முறையாவது எழுத வேண்டும். மூன்றாம் மணி நேரத்தில் கண்ணும் கவனமும் எப்படித் தளர்கின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

வீட்டிலா, மையத்திலா

வீட்டிலிருந்தே கேமரா கண்காணிப்பில் எழுதலாம், தேர்வு மையத்துக்குப் போயும் எழுதலாம். வீட்டில் எழுதினால் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, மேசையில் காகிதமோ போனோ இருக்கக் கூடாது, கேமராவை அறை முழுதும் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். அந்தத் தேதியில் உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று நாளிதழில் பார்த்துவிடுங்கள். லேப்டாப் பேட்டரி நான்கு மணி நேரம் தாங்கினாலும் வைஃபை பெட்டி தாங்காது. அதற்கென்று சிறிய யுபிஎஸ் ஒன்றை மாட்டுவது நல்லது. அலுவலக லேப்டாப்பில் எழுத வேண்டாம், அதிலுள்ள பாதுகாப்பு மென்பொருள் தேர்வு மென்பொருளை மறித்துவிடலாம்.

கூட்டுக் குடும்பத்தில், தெருவைப் பார்த்த வீட்டில் இருப்பவர்கள் மையத்தையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து. சென்னையில் எழுதுவதாக இருந்தால், நெல்லை எக்ஸ்பிரஸில் விடியற்காலை எழும்பூரில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே மையத்துக்குப் போகும் திட்டம் வேண்டாம். ஒரு நாள் முன்னதாகவே போய், இரவு நன்றாகத் தூங்கி எழுந்து எழுதுங்கள். தேதியை மாற்ற வேண்டுமானால் தேர்வுக்கு 48 மணி நேரத்துக்கு முன்பு வரை மாற்றலாம்.

எழுதிய பிறகு

முதற்கட்ட முடிவு தேர்வு முடிந்ததும் திரையிலேயே தெரியும். அதிகாரபூர்வ மதிப்பெண் பத்து வேலை நாட்களுக்குள் மின்னஞ்சலில் வரும். தவறிவிட்டால், முதல் முறைக்குப் பிறகு 30 நாளும், அடுத்தடுத்த முறைகளுக்குப் பிறகு 90 நாளும் காத்திருந்து, பன்னிரண்டு மாதத்துக்குள் மொத்தம் நான்கு முறை எழுதலாம். ஒவ்வொரு முறைக்கும் முழுக் கட்டணம் உண்டு. பகுதிவாரி மதிப்பெண்ணும் கூடவே வரும். குறைந்த பகுதியை மட்டும் மீண்டும் படிக்காமல், அதைச் சுற்றிய கேள்விகளில் எந்தச் சொல்லைத் தவறவிட்டீர்கள் என்று பாருங்கள்.

தேர்ச்சி பெற்றுவிட்டால், அனுபவம் நிறைவாகும் வரை பெயருக்குப் பின்னால் சிஸா என்று போடக் கூடாது. தேர்வில் தேர்ச்சி பெற்றவர் என்று மட்டும் விவரக் குறிப்பில் எழுதலாம். அனுபவம் சேர்ந்ததும் மேலதிகாரியின் உறுதிப்படுத்தலோடு விண்ணப்பித்து, 50 டாலரைக் கட்டி, தொழில் நெறிகளை ஏற்பதாக ஒப்புக்கொண்டால் சான்றிதழ் வரும். நீள நோட்டு அன்றைக்குப் பயன்படும். எனக்கு அந்தப் படிவத்தை நிரப்ப ஒரு மாலைப் பொழுதுதான் ஆயிற்று.

சான்றிதழைத் தக்கவைக்க ஆண்டுக்குக் குறைந்தது 20 மணி நேரமும், மூன்றாண்டில் மொத்தம் 120 மணி நேரமும் தொடர்கல்வி காட்ட வேண்டும். ஆண்டுக்கு 20 என்றே போனால் மூன்றாண்டில் 60-தான் ஆகும் என்பதைப் பலர் மூன்றாவது ஆண்டில்தான் கவனிக்கிறார்கள். ஆண்டுக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் உறுப்பினர்களுக்கு 45 டாலர், மற்றவர்களுக்கு 85 டாலர். இணையவழி வகுப்புகள், தொழில் தொடர்பான கருத்தரங்குகள், நீங்களே எடுக்கும் பாடங்கள் எனப் பல வழிகளில் இந்த மணி நேரத்தைச் சேர்க்கலாம். பயிற்றுவிப்பது எனக்குப் பிடித்தமானது. கல்லூரி வணிகவியல் மாணவர்களுக்கு எடிட் லாக்கைத் திறந்து காட்டி ஒரு மணி நேரம் பேசினால், அவர்கள் கேட்கும் கேள்விகளுக்காக நான் மூன்று மணி நேரம் படிக்க வேண்டியிருக்கிறது.

கலந்துகொண்டதற்கான சான்றுகளை, அந்த மூன்றாண்டுச் சுற்று முடிந்து மேலும் பன்னிரண்டு மாதம் வரை பத்திரப்படுத்த வேண்டும். ஐசாக்கா யாரிடம் வேண்டுமானாலும் அவற்றைக் கேட்டுச் சரிபார்க்கலாம். என்னுடையவை வீட்டில் ஒரு கோப்பிலும், கிளவுடில் ஒரு நகலாகவும், தென்காசியில் அக்கா வீட்டு அலமாரியில் ஒரு பென் டிரைவிலும் இருக்கின்றன.